எலியும் கோப்பை கழுவுற பெடியனும்

ரட்டடூய் எண்ட, சமைக்கிற எலியின்ர கதையைச் சொல்லுற அனிமேசன் படத்தைப் பற்றி ஆர் கதைக்கத் தொடங்கினாலும் கடைசியில வந்து நிக்கிற இடம் ஒண்டுதான். ஈகோ எண்ட அந்தச் சாப்பாட்டு விமர்சகர் முள்ளுக்கரண்டியால ஒரு துண்டை எடுத்து வாயில வைப்பார், மனுசன் நேர தன்ர சின்ன வயசுக்குப் போயிடுவார், வாசலில முகம் வாடி நிக்கிற பெடியனுக்கு அம்மா சாப்பாடு வைச்சுக் குடுப்பா, திரும்பி வரேக்க கையில இருந்த பேனை கீழ விழும். எனக்கும் பிடிச்ச இடம்தான், எத்தினை தரம் பாத்தாலும் தொண்டை அடைக்கும், அதில ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனா என்னைப் போட்டு அரிச்சுக்கொண்டிருக்கிறது படத்தின்ர தொடக்கத்தில வாற வேற ஒரு சின்ன இடம். கண் வெட்டிற நேரத்தில முடிஞ்சிடும், கனபேருக்கு ஞாபகமும் இருக்காது.

ரெமி எண்ட எலி குடும்பத்தைத் தவறவிட்டிட்டு, சாக்கடையால வந்து, சுவருக்குள்ளால ஏறி ஏறிக் கூரைக்குப் போகும். அங்கயிருந்து பாத்தா முழுப் பாரிசும் தெரியும். கீழ கண்ணாடி யன்னலுக்குள்ளால குஸ்தோ எண்ட பேர்போன செஃபின்ர ரெஸ்ரோரண்ட் குசினி தெரியும். செத்துப்போன குஸ்தோ, அதாவது எலியின்ர மண்டைக்குள்ள இருக்கிற குஸ்தோ, பக்கத்தில நிண்டு சோதினை வைப்பார், ஆர் ஆர் எண்டு சொல்லு பாப்பம் எண்டு. எலி கடகடவெண்டு ஒப்புவிக்கும். இவர் செஃப், இவர் அவருக்கு அடுத்த ஆள், இவர் சோஸ் பாக்கிறவர் அவர் முக்கியம், இவையும் முக்கியம், அந்தக் கடைசியில நிக்கிற உதவியாளும் முக்கியம். அப்ப குஸ்தோ மூலையில நிக்கிற ஒரு ஒல்லிப் பெடியனைக் காட்டி, அப்ப அவன் ஆர் எண்டு கேப்பார். எலி சொல்லும், அவனோ, அவன் ஒருத்தருமில்லை. இல்லையே, அவனும் குசினியில ஒருத்தன்தானே எண்டு குஸ்தோ சொல்ல, இல்லையில்லை, அவன் கோப்பை கழுவுறவனோ குப்பை கொட்டுறவனோ, அவன் சமைக்கிறேல்ல எண்டு எலி அடிச்சுச் சொல்லும்.

ஒரு எலி சொல்லுது பாருங்கோ. குசினிக்குள்ள கால் வைச்சாலே அடிச்சுக் கொல்லுவினம், அப்பிடிப்பட்ட ஒண்டு, மேல நிண்டு கண்ணாடிக்குள்ளால பாத்து, அவன் ஒருத்தருமில்லை எண்டு சொல்லுது.

இது கவனமில்லாம எழுதின வசனம் எண்டு சொல்லேலாது, ஏனெண்டா இந்தப் படத்தைச் செய்தவை குசினியைப் பற்றி அவ்வளவு படிச்சிட்டுத்தான் செய்திருக்கினம். கதை முதல்ல யான் பின்காவா எண்டவர் தொடங்கினது, 2005இல பிராட் பேர்ட் கைக்கு மாறினது. தயாரிப்பாளர் பிராட் லூயிஸ் கலிபோர்னியாவில தோமஸ் கெலர் எண்ட பெரிய செஃபின்ர குசினிக்குள்ள போய் நிண்டு வேலை பழகியிருக்கிறார். ஈகோவை உருகவைச்ச அந்தத் தட்டு கூட கெலர் செய்து குடுத்ததுதான், அவர் அதை மிஷேல் கெராட் எண்ட பிரெஞ்சு செஃப் எழுபதுகளில செய்து காட்டின முறையில இருந்து எடுத்து மாத்தினவர். எலியின்ர மயிர், மூக்கு, வால் எப்பிடி அசையுது எண்டு பாக்க ஸ்ரூடியோவுக்குள்ளயே கூட்டில எலி வளத்தவை. குக்மாரின்ர கையில வெட்டுக்காயமும் சூட்டுத் தழும்பும் இருக்கவேணும் எண்டு பாத்துப் பாத்துக் கீறியிருக்கினம். ஏப்ரன் ஊத்தையா இருக்கலாம், ஆனா கைச்சட்டை சுத்தமா இருக்கவேணும், அதுதான் நல்ல குக்குக்கு அடையாளம் எண்டு அந்தக் குசினியில சமைக்கிற கொலெத் அந்தப் பெடியனுக்குப் படிப்பிப்பா. இவ்வளவு தெரிஞ்ச ஆக்கள், ஒரு குசினியில கோப்பை கழுவுறவனை மற்றவை எப்பிடிப் பாக்கினம் எண்டதும் தெரிஞ்சுதான் அந்த வசனத்தை எலியின்ர வாயில வைச்சிருப்பினம். அப்ப கேள்வி என்னெண்டா, படம் அதுக்குப் பிறகு எலி சொன்னதைப் பிழையெண்டு காட்டுதோ?

இல்லை எண்டுதான் நான் கனகாலமா நினைச்சுக்கொண்டிருந்தன். லிங்குவினிக்கு, அதுதான் அந்த ஒல்லிப் பெடியனுக்கு, கடைசி வரைக்கும் சமைக்க வராது. தலைமயிரைப் பிடிச்சு இழுத்து எலிதான் சமைக்கும், இவன் வெறும் கையும் காலும். கொலெத் படிப்பிச்சும் ஒண்டும் ஏறேல்ல. பிறகு அவன் குஸ்தோவின்ர மகன் எண்டு ஒரு கடிதம் வந்து, டிஎன்ஏ பாத்து, ரெஸ்ரோரண்டே அவன்ர பேருக்கு வந்திடும். அதாவது இந்தக் கதையில கீழ இருந்து மேல போக ரெண்டே ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்டு எலி மாதிரிப் பிறவியிலயே மூக்கு இருக்கவேணும், இல்லாட்டி லிங்குவினி மாதிரி அப்பன் பெரிய ஆளா இருக்கவேணும். தொட்டியடியில நிண்டு பாத்துப் பாத்துப் பழகி, ஒவ்வொரு படியா ஏறி அடுப்படிக்குப் போற ஒருத்தரும் படத்தில இல்லை. பாரிசில நானறிஞ்ச குசினிகள் முழுக்க அந்த மாதிரி ஆக்களாலதான் ஓடுது, அதுவும் எங்கட ஆக்கள் எவ்வளவு பேர். பாரிசில எங்கட கடையள் இருக்கிற லாச்சப்பலில ஒரு தேத்தண்ணிக் கடைக்குள்ள போய், ரெஸ்ரோரண்டில வேலை செய்தவை கை உயத்துங்கோ எண்டு கேட்டா கை உயத்தாதவனைத்தான் தேடவேணும்.

தொட்டியடி

என்ர சித்தப்பா தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில வந்தவர். வந்த கையோட கோப்பை. அது எப்பிடி இருக்கும் எண்டு தெரியாதவைக்கு மட்டும் சொல்லுறன். குசினியின்ர ஆகப் பின்னுக்கு, குப்பை வெளியில போற கதவுக்குப் பக்கத்தில தொட்டி. மெசின் இருக்கு, இல்லையெண்டில்லை, ஆனா மெசினுக்குள்ள வைக்க முதல் மிச்சத்தைக் கையால வழிக்கவேணும், குழாயால தண்ணி அடிக்கவேணும், கிளாஸ் வேற தட்டு வேற கரண்டி வேறயா அடுக்கவேணும், மெசினைத் திறக்கேக்க அடிக்கிற ஆவியில கண்ணாடி போட்டவனுக்கு ஒண்டும் தெரியாது. பெரிய சட்டி ஒண்டும் மெசினுக்குள்ள போகாது, அதெல்லாம் கையால உரஞ்சவேணும். குக்மார் அடிப்பிடிச்ச சட்டியைக் கொண்டுவந்து தொட்டிக்குள்ள எறிஞ்சிட்டுப் போவினம், சூடு எண்டு ஒரு சொல்லுச் சொல்லிட்டு எறிஞ்சா அவன் நல்லவன். சித்தப்பாவின்ர வலது முழங்கைக்குக் கீழ ஒரு தழும்பு இருக்கு, அது சொல்லாம எறிஞ்ச ஒருத்தனால வந்தது.

அந்தக் குசினியில அவருக்குப் பேர் ராஜா. அவற்ற பேர் ராஜா இல்லை. அவருக்கு முதல் அந்தத் தொட்டியடியில நிண்ட தமிழரின்ர பேர் ராஜா, அவர் போக இவர் வந்தார், செஃபுக்கு இன்னொரு பேரைப் பாடமாக்க நேரமில்லை. ராஜா எண்டு கூப்பிட இவரும் ஓமெண்டு போவார். சம்பளத் துண்டில மட்டும் சொந்தப் பேர் இருக்கும், அதுவும் எழுத்துப் பிழையோட.

பிறகு உருளைக்கிழங்கு சீவ விட்டினம், வெங்காயம் வெட்ட விட்டினம், ஒருநாள் சாலட் போடுறவன் வரேல்ல எண்டு அங்க விட்டினம், அப்பிடியே மெல்ல மெல்ல அடுப்படிக்குப் போனார். கடைசி காலத்தில அந்தக் குசினியில சோஸ் முழுக்க அவற்ற பொறுப்பு. ஆர் சொல்லித் தந்தது எண்டு நான் சின்னனில கேட்டிருக்கிறன். ஒருத்தரும் இல்லை, சட்டிதான் எண்டார். தொட்டிக்கு வாற சோஸ் சட்டியின்ர விளிம்பில ஒட்டியிருக்கிறதை விரலால வழிச்சு வாயில வைச்சுப் பாப்பாராம், வைன் கூடவோ, பட்டர் எப்ப போட்டிருக்கு, இண்டைக்கு ஏன் நேத்தைய மாதிரி இல்லை எண்டு. தட்டு திரும்பி வரேக்கயும் பாப்பாராம். பாணால துடைச்சுச் சாப்பிட்ட தட்டு வந்தா அண்டைக்கு சோஸ் நல்லம், தட்டின்ர ஓரத்தில ஒதுக்கி வைச்சு வந்தா ஏதோ பிழை. செஃப் தெரிஞ்சுகொள்ள முதலே தொட்டியடியில நிக்கிறவனுக்குத் தெரிஞ்சிடும். ஈகோ சாப்பிட்ட தட்டைக் கழுவினவனுக்குத்தான்ரா முதல்ல விசயம் விளங்கியிருக்கும் எண்டு பிறகொருநாள் சொன்னார், அதை விமர்சனமாவே எடுத்துக்கொள்ளலாம்.

நான் எலியடா

போன பள்ளிக்கூட விடுமுறைக்குச் சித்தப்பா வீட்டுக்கு வந்து நிண்ட நேரம் என்ர மகள் ரீவியில ரட்டடூய் போட்டவள். பிரெஞ்சில. அவரும் பக்கத்தில இருந்து பாத்தார், எனக்கு உள்ளுக்க ஒரு மாதிரி. அந்தக் கண்ணாடி யன்னல் இடம் வரப்போகுது எண்டு எனக்குத் தெரியும், எலி சொல்லப்போறதும் தெரியும், இந்த மனுசனுக்கு முன்னால அதைப் போடுறது சரியோ எண்டு யோசிச்சு எழும்பித் தேத்தண்ணி போடப் போறன் எண்டு சாட்டுச் சொல்லிக் குசினி வாசலில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தன். எலி சொல்லிச்சுது. அவர் சத்தம்போட்டுச் சிரிச்சார்.

"சித்தப்பா, உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?" எண்டு கேட்டன்.

"ஏன் கோவம்?"

"கோப்பை கழுவுறவன் ஒருத்தருமில்லை எண்டெல்லோ சொல்லுது."

"எட தம்பி, நீ என்னை அந்தப் பெடியன் எண்டே நினைச்சுக்கொண்டிருந்தனி? நான் எலியடா. அவனுக்குக் கூட்டித் துடைக்கவும் தெரியேல்ல, மொப் பிடிக்கிற பிடியைப் பார், சூப்புச் சட்டியைத் தட்டி ஊத்தப்போறான். கழுவ வராதவனுக்குச் சமைக்கவும் வராது."

அடுத்த கொஞ்ச நேரத்தில லிங்குவினி சூப்பைத் தட்டி ஊத்தினான், சித்தப்பா மகளைப் பாத்து, சொன்னனானெல்லே எண்டார்.

எனக்கு முழுக் கணக்கும் மாறிப்போச்சுது. நான் இவ்வளவு நாளும் படம் தொட்டியடிக்காரரைக் கைவிட்டிட்டுது எண்டு நினைச்சுக்கொண்டிருக்க, அவர் தன்னை எலியில கண்டுபிடிச்சிருக்கிறார். யோசிச்சுப் பாத்தா சரிதான். எலிக்கு மூக்கு பிறவியில வந்தது எண்டாலும் சமையல் அப்பிடி வரேல்ல. ஒரு கிழவியின்ர வீட்டு ரீவியைக் களவாப் பாத்து, குஸ்தோவின்ர புத்தகத்தைக் களவா வாசிச்சு, பிறகு கூரையில நிண்டு எட்டிப் பாத்துத்தான் படிச்சது. விரலால வழிச்சு நக்கிப் பாக்கிற மனுசனும் மிச்சச் சாப்பாட்டை மணந்து பாக்கிற எலியும் ஒரே பள்ளிக்கூடம். படத்தில இல்லை எண்டு நான் சொன்ன மூண்டாவது வழி படத்தில இருக்குது, ஆனா அதைக் கோப்பை கழுவுறவனுக்குக் குடுக்காம எலிக்குக் குடுத்திட்டினம்.

ஆனாலும் நான் விடேல்ல. அவன் வேலை செய்யிறதைப் பாக்க முதலே எலி ஒருத்தருமில்லை எண்டு சொல்லிப்போட்டுது, அது எப்பிடிச் சரி எண்டு கேட்டன். மகள் உஷ் எண்டாள். சித்தப்பா கொஞ்சநேரம் ரீவியைப் பாத்துக்கொண்டிருந்திட்டு, நானும் அப்பிடிச் சொல்லியிருக்கிறன் எண்டார்.

அவர் அடுப்படிக்குப் போன பிறகு தொட்டியடிக்கு மாலி நாட்டுக்காரர் ஒருத்தர் வந்தவராம். எல்லாரும் மமடு எண்டு கூப்பிடுறது. உண்மைப் பேரோ பொய்ப் பேரோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல, ராஜா எண்டு பேர் வாங்கின இவரும் கேக்கேல்ல. ஒருநாள் முதலாளியின்ர மனிசி குசினிக்குள்ள வந்து, பின்னுக்கு நிக்கிறது ஆர் எண்டு கையைக் காட்டி இவரிட்டக் கேட்டிருக்கிறா. இவர் சோஸைக் கிண்டிக்கொண்டு திரும்பிப் பாக்காமலே, அது ஒருத்தருமில்லை மடம், கோப்பைக்காரன் எண்டிருக்கிறார். "அவனுக்கு என்னை விடப் பிரெஞ்சு நல்லா வரும், தம்பி. அவன் அங்கதான் நிண்டவன்."

ஏப்ரல் 2008

படம் பிரான்சில 2007 ஆகஸ்டில வந்தது, 70 லட்சத்துக்கு மேல சனம் தியேட்டரில பாத்தது. அடுத்த வருசத் தொடக்கத்தில சிறந்த அனிமேசன் படத்துக்கு ஒஸ்கார். அதே வருசம் ஏப்ரல் மாசம் பாரிஸ் பக்கம் விசா இல்லாத தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினது, சேஜேதே தொழிற்சங்கம் பின்னால நிண்டு நடத்தினது. அதில கனபேர் ரெஸ்ரோரண்ட் குசினிகளில வேலை செய்த மேற்கு ஆபிரிக்காக்காரர். வருசக்கணக்காச் சம்பளத் துண்டு வாங்கி வரி கட்டினவை, ஆனா வதிவிட காட் இல்லை. வேலை செய்யிற இடத்துக்குள்ளயே, வாசலிலயே இருந்து, எங்களுக்கு விசா தா எண்டு கேட்டவை. பாரிஸ் சனம் அதுவரைக்கும் தட்டுக்கு மேல இருந்ததை மட்டும் பாத்ததுகள், அண்டைக்குத்தான் தட்டைக் கழுவினவன்ர முகத்தையும் ரீவியில பாத்ததுகள்.

சித்தப்பாவின்ர மமடுவும் அதில ஒருத்தர். அண்டைக்கு அவரோட நிண்டவை பேர் சொல்லிக் கூப்பிடேக்கதான் இவருக்கு அந்த மனுசன்ர உண்மையான பேர் தெரிய வந்ததாம். எனக்கும் சொன்னார், நான் இங்க எழுதேல்ல. நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டன். "முதலாளி தொட்டியடிக்குப் போ எண்டார். எனக்குக் காட் இருந்தது, வீட்டுக்கடன் இருந்தது. போய்க் கழுவினனான்." அதுக்கு மேல அவர் ஒண்டும் சொல்லேல்ல, நானும் தோண்டேல்ல.

இதைக் கேட்ட பிறகு படத்தில எனக்கு வேற ஒரு இடம் பெரிசாப் போச்சுது. ஈகோ வந்து இருக்கிற அண்டிரவு, லிங்குவினி எல்லாரையும் கூப்பிட்டு, எனக்கு ஒண்டும் தெரியாது, சமைக்கிறது இந்த எலிதான் எண்டு உண்மையைச் சொல்லுவான். எல்லாரும் பேசாம ஏப்ரனைக் கழட்டி வைச்சிட்டு ஒவ்வொருத்தராப் போயிடுவினம். ஆர் போறது எண்டு பாருங்கோ. முன்னம் கொலெத் லிங்குவினிக்குச் சொல்லியிருப்பா, இவை ஆர் எண்டு. ஒருத்தன் மறியலுக்குப் போனவன், ஒருத்தன் சேர்க்கசில திரிஞ்சவன், ஒருத்தனுக்குச் சூதாட்ட மண்டபங்களில தடை, ஒருத்தன் துவக்குக் கடத்தினவன். அவ்வளவு பேரும் பின்கதவால உள்ள வந்த ஆக்கள், வெளியில ஒருத்தரும் வேலை குடுக்காத ஆக்கள். அவையள்தான் எலிக்குக் கீழ வேலை செய்யேலாது எண்டு போகினம். செத்த குஸ்தோவின்ர இடத்துக்கு வந்த ஸ்கின்னர் மாதிரி, அவற்ற பேரை உறைஞ்ச சாப்பாட்டுப் பெட்டியில ஒட்டி விக்கிறவன் போனா அதில அதிசயமில்லை, வில்லன் அப்பிடித்தான். எலியைத் தாங்களும் ஒருக்கா எலியா இருந்தவை விட்டிட்டுப் போறதுதான் இந்தப் படத்தில நான் கண்ட ஆகப்பெரிய உண்மை, பிள்ளையளுக்கான படம் எண்டு சொல்லி எங்களுக்குத்தான் வைச்சிருக்கினம். திரும்பி வாறது ஒருத்திதான், கொலெத், அந்தக் குசினியிலயே ஒரே பொம்பிளை, சிவப்பு லைற்றில மோட்டச்சைக்கிளை நிப்பாட்டேக்க கடைக் கண்ணாடிக்குள்ள குஸ்தோவின்ர புத்தகத்தைக் காணுறா. அவ வந்தும் மற்றவையில ஒருத்தனும் வரேல்ல, படமும் அவையைப் பிறகு தேடேல்ல.

ஈகோ கடைசியா எழுதிறதை எல்லாரும் தலையில தூக்கி வைச்சிருக்கினம், எல்லாரும் பெரிய கலைஞராக முடியாது, ஆனா பெரிய கலைஞர் எங்கயிருந்தும் வரலாம் எண்டு. நல்ல பேச்சுத்தான். 2023இல பாரிசின்ர சிறந்த பகெத் பாணுக்கான பரிசு இலங்கையில இருந்து வந்த தர்சன் செல்வராஜாவுக்குக் கிடைச்ச நேரம் எங்கட சனத்தின்ர போன் முழுக்க அந்தப் படம்தான், இருபதாம் வட்டாரத்தில இருக்கிற அவற்ற பேக்கரியில இருந்து ஒரு வருசம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் போனது. எனக்கும் பெருமை, ஏன் பொய் சொல்லுவான். ஆனா அந்தக் கிழமையே லாச்சப்பலில ஒரு கடைக்குள்ள நிண்டு, கோப்பை கழுவ ஆள் தேடுற ஒருத்தர், வங்காளப் பெடியன் ஒருத்தனைக் காட்டி, இவங்களுக்கெல்லாம் ஒண்டும் ஏறாது எண்டு கதைச்சதையும் கேட்டனான். எங்கயிருந்தும் வரலாம் எண்டதை எல்லாரும் தங்கட ஊர் வரைக்கும்தான் நம்புகினம்.

படம் முடிய மகள் நித்திரை. கடைசியில அந்தச் சின்ன பிஸ்ற்றோ வரும், லிங்குவினி ஓடி ஓடிப் பரிமாறுவான், கொலெத்தும் எலியும் சமைக்கினம், வெளியில சனம் வரிசையில நிக்குது, மேல எலியளுக்குத் தனி மேசை. சித்தப்பா விரலை மடிச்சு மடிச்சு மேசை எண்ணினார். கீழ இவ்வளவு, மேல இவ்வளவு, எலித்தட்டு சின்னன் எண்டாலும் தட்டுத்தானே. இதுக்கு ஒரு ஆள் காணாது, ரெண்டு பேர் வேணும் எண்டார், வெள்ளி சனி எண்டா மூண்டு, சம்பளத் துண்டோட.